அப்பாத்துரை எழுந்து நின்ற பண்டிகை

கிருபாபுரத்துக் கோயிலில் ஆண்கள் பக்கத்துக் கடைசித் தூண் அப்பாத்துரையுடையது. அங்கே வேறு யாரும் உட்காருவதில்லை. வாழைக்கறையும் வியர்வையும் தலையெண்ணெயும் படிந்து, உட்கார்ந்த ஆளின் முதுகளவுக்கு அந்தத் தூணில் ஒரு கருப்பு. கிறிஸ்மஸுக்கு முன்னால் வெள்ளையடிப்பார்கள். ஈஸ்டர் வருவதற்குள் கருப்பு திரும்ப ஏறிவிடும்.

வாழைத்தார் சுமக்கிறவர் அவர். ஆற்றுப் பாசனத் தோட்டங்களில் வெட்டு விழுந்தால், வழுக்கும் வரப்பு வழியாக ரோடு வரைக்கும் தோளில் கொண்டுவந்து லாரியில் அடுக்க வேண்டும். லாரி கேரளாவுக்குப் போவது. வெயில் ஏறுமுன் மலை தாண்டிவிட வேண்டும் என்று ராத்திரியில்தான் சுமை ஏற்றுவார்கள். சனிக்கிழமை ராத்திரி கட்டாயம் லாரி உண்டு. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போன்ற எரிச்சலோடுதான் வந்து உட்காருவார். வராமல் இருக்க முடியாது. அவர் மனைவி பாக்கியவதி பெண்கள் சங்கத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள்.

தூங்கினாலும் மானங்கெடத் தூங்குகிறவர் இல்லை. குறட்டை கிடையாது, சரிந்து விழுவது கிடையாது. காது மட்டும் காவலுக்கு இருக்கும். பிரசங்கம் ஓடுகிற சத்தம் ஒன்று, ஜெபத்துக்கு இறங்குகிற சத்தம் ஒன்று. கடைசியில் எல்லாச் சத்தமும் அடங்கி ஓர் அமைதி விழும். அது ஆசீர்வாதம். எழுந்து கண்ணை மூடி, கையைக் கூப்பி, தலையைக் குனிந்து நின்று, ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கல்யாணம் ஆன நாளில் இருந்து இந்தக் கணக்கு தப்பியதில்லை.

தப்பியது அந்த வருஷத்து மிஷனெரிப் பண்டிகையில்.

அது புரட்டாசியில் வருகிற பண்டிகை. வடக்கே போய் ஊழியம் செய்கிறவர்களைத் தாங்குவதற்காக வருஷம் முழுக்கச் சேர்த்ததை ஊர் அன்றைக்குக் கொண்டுவந்து வைக்கும். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்திருப்பார்கள். தென்னை உள்ளவர்கள் ஒரு மரத்தை மிஷன் மரம் என்று விட்டிருப்பார்கள். கோழி வைத்திருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை இடுகிற முட்டையைக் கொடுக்க வேண்டும். பாக்கியவதியின் செங்கோழி மற்ற நாளெல்லாம் சும்மா திரியும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் இடும். "நம்ம வீட்டுல பக்தியுள்ள சீவன் அது ஒண்ணுதான்" என்பார் அப்பாத்துரை.

கொடுப்பதில் கிருபாபுரம் குறை வைத்ததில்லை. ஆனால் ஆள் கொடுத்ததில்லை. ஆற்றுக்கு அக்கரையில் சமாதானபுரம். இதைவிடச் சின்ன ஊர், ஓட்டைக் கோயில். அங்கிருந்து வடக்கே மிஷனெரிகள் போயிருந்தார்கள். சபைக் கூட்டங்களில் சமாதானபுரத்தார் தொண்டையைச் செருமினாலே கிருபாபுரத்தார் நகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த வருஷம் செய்தி கொடுக்க வந்தவர் எலியேசர். தேரிக்காட்டுப் பக்கத்து ஆள். குஜராத்தில் மலைக்காட்டுக்குள் ஒன்பது வருஷமாக இருக்கிறார். மலேரியா வந்து வந்து கண் மஞ்சளாகக் கிடந்தது. சட்டை அவருக்குத் தைத்தது போல இல்லை. கத்தியே பேசினார். பிள்ளைகளுக்கு விடுதி கட்டுகிறோம், பிரசங்கம் பண்ண ஆள் வேண்டாம், ஒரு வருஷம் கூட இருந்து கல்லும் மண்ணும் சுமக்க ஒருவர் வந்தால் போதும் என்றார். "வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். எல்லோரும் ஜமுக்காளத்தைப் பார்த்தார்கள். இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டு முடிக்கவும் கரண்ட் போனது.

தலைக்கு மேல் காற்றாடிகள் ஓய்ந்தன. மைக் செத்தது. விசிறிக்கொண்டிருந்தவர்கள்கூட, விசிறினால் ஆள் தெரிந்துவிடும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அப்படி ஓர் அமைதி.

அந்த அமைதியில் அப்பாத்துரை எழுந்தார். கண்ணை மூடினார், கையைக் கூப்பினார், தலையைக் குனிந்தார். எலியேசர் "அல்லேலூயா!" என்று கதறியதும், ஆசீர்வாதம் முடிந்துவிட்டது என்று நினைத்து, வழக்கத்தைவிடச் சத்தமாக "ஆமென்" என்றார்.

கண்ணைத் திறந்தபோது ஊரே உட்கார்ந்தபடி அவரைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தது.

பாக்கியவதி அவரை முன்னால் விட்டு வீட்டுக்கு நடந்தாள். எதிர்ப்பட்ட பெண்களெல்லாம் அவள் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்கள். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"நல்லா முழிச்சிட்டீயளா, இல்ல இன்னும் தூக்கமா?"

"ஏளா, நான் எங்க தூங்கினேன்?"

"கடவாயில ஒழுகிக் காஞ்சிருக்கு. அதத் தொடச்சிட்டுப் பொய் சொல்லுங்க."

அப்பாத்துரை துடைத்துக்கொண்டார். "கரண்டு போயிட்டு. ஒரே அமைதி. ஆசீர்வாதம்னு நெனச்சிட்டேன்."

"ஊரே உக்காந்திருக்கு, இவுக மட்டும் நட்டமா நிக்காவ! ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்தா என்ன?"

"ஆசீர்வாதத்துக்குக் கண்ணத் தொறக்கலாமா?"

"ஆமென் வேற! ஓட்டுல இருந்த புறாவெல்லாம் பறந்து போச்சு."

"சரிளா, இப்பமே கோயில் உபதேசியார்ட்ட போயி தூங்கிட்டேன்னு சொல்லிருதேன்."

"சொல்லுங்க. நாளைக்கிச் சங்கத்துல நான் எந்த மூஞ்சிய வச்சிப் பாட்டு எடுத்துக் குடுக்க? மிஷனெரிப் பண்டிகையில வாயப் பொளந்து தூங்கினவரு பொண்டாட்டின்னு சமாதானபுரம் வரைக்கும் பேரு போகும்."

"அப்பம் போயிரட்டுமா?"

"போங்க! ஐப்பசியில மவ எப்சிபாவுக்குப் பேறுகாலம். மருமவன் திருப்பூர்ல கெடக்காரு. ராவுல வலி வந்தா ஆரு தூக்கிட்டு ஓடுவா? மாடு செனயா நிக்கி. ஓடு மாத்தணும், மணிமுத்தாறு பக்கம் இப்பமே கருத்துட்டு வருது."

"அப்பம் போவாண்டாமா?"

"என்னய எதுக்குக் கேக்கீய? எந்திரிக்கும்போது கேட்டீயளா?"

சாயங்காலம் சபையார் வந்தார்கள். முன்னால் வேதமாணிக்கம், தார் வியாபாரி, சபைப் பொருளாளர், அப்பாத்துரை சுமை ஏற்றுகிற லாரிகளுக்குச் சொந்தக்காரர். 'ஏலே அப்பாத்துரை' என்று ரோட்டில் இருந்தே கூப்பிட்டுப் பழகியவர், அன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணாச்சி இருக்காவளா?" என்றார். எந்த அண்ணாச்சியைத் தேடி வந்திருக்கிறார் என்று அப்பாத்துரை தெருவை எட்டிப் பார்த்தார்.

பின்னாலேயே சபைச் செயலாளர் ஞானசிகாமணி. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தன்னுடைய பழைய பச்சை சுவெட்டரையும் ஒரு தகரப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். கோயிலில் இருந்து ஒரு மடக்கு நாற்காலியும் வந்தது. அதில் அப்பாத்துரையை உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் நின்றார்கள்.

"கிருபாபுரத்துக்கு மானத்த வாங்கித் தந்திட்டீய, அண்ணாச்சி" என்றார் வேதமாணிக்கம். "சமாதானபுரத்துக்காரன் இனிமே செருமட்டும், பாப்போம். வார ஞாயிறு அசன விருந்தன்னைக்கே உங்கள அனுப்பி வைக்கோம். எலியேசர் ஐயா கூடவே போயிரலாம்."

"இந்தி தெரியணும்லா" என்றார் ஞானசிகாமணி. "நான் சொல்லித் தாரேன். பானின்னா தண்ணி. சொல்லும்வே."

"பானி."

"பாகோன்னா ஓடு."

"நான் எதுக்குவே ஓடணும்?"

"எனக்குப் பட்டாளத்துல சொன்னதெல்லாம் அதுதான்வே. அதத்தான் நான் சொல்லித் தர முடியும்."

அந்த வாரம் அப்பாத்துரை இந்தியில் தார் எண்ணினார். நாலு வரைக்கும்தான் ஞானசிகாமணிக்கு ஞாபகம் இருந்தது. அதனால் ஏக், தோ, தீன், சார் என்று சொல்லிவிட்டு மறுபடி ஏக்கில் இருந்து தொடங்கினார். கேரளாக்காரன் லாரியில் ஏறி நின்று மலையாளத்தில் திட்டினான். வேதமாணிக்கம் கோபப்படவில்லை. "போதும் அண்ணாச்சி, ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றார். டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டார்கள். இதுவரை அவருடைய தோளை மட்டும் பார்த்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அப்பாத்துரைக்கு நடை மாறிவிட்டது. சுமை இல்லாதபோதும் ஒரு பக்கம் சாய்ந்தே நடக்கிறவர் நிமிர்ந்து நடக்கப் பார்த்தார்.

"ஏளா, இத்தன வருஷத்துல எம் பேரு மைக்குல வந்திருக்கா?" என்று கேட்டார் பாக்கியவதியிடம்.

"இப்பமும்தான் எங்க வந்திச்சு? கரண்டு இல்லாத மைக்குலல்லா வந்திச்சு."

அவள் வேப்பமரத்தடியில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தட்டில் வெட்டிய இலையும் தூளும். பக்கத்தில் மைதீன் பாத்திமா, அடுத்த தெருக்காரி. இருவரும் ஒரே கடையில் இலை வாங்கி ஒன்றாக உட்கார்ந்து சுற்றுகிறவர்கள். மிஷனெரிப் பண்டிகை நெருங்கினால் பீடி கெடுதல் என்று உபதேசியார் பிரசங்கம் பண்ணுவார். பண்டிகைக் காணிக்கையில் பாதி பீடியில் வந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

அப்பாத்துரை நிமிர்ந்து நடந்து தெருமுனை தாண்டியதும் மைதீன் பாத்திமா ஆரம்பித்தாள். "அல்லாவே, எங்க ஆளுவ போனா துபாய்க்குப் போவாவ. வரும்போது டேப்பு, செண்டு, பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி. உங்காளு போற எடத்துல என்னட்டி கெடைக்கும்?"

"மலேரியாவாம்."

"தூங்கிட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லிப்புட்டா முடிஞ்சி போச்சு."

"சொன்னா எம் மானம் போவும். சொல்லலன்னா அவரு போவாரு."

"எது போனா திரும்பி வரும்னு பாத்துக்கோ."

பாக்கியவதி நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. அவருக்கே இப்பம் ஆச வந்திட்டு. ராத்திரி பெட்டியத் தொறந்து தொறந்து பாக்காரு. நாப்பத்தெட்டு வயசுல ஒரு மனுசன நாற்காலியில உக்கார வச்சிட்டானுவ. எப்பிடி எறக்க?"

வியாழக்கிழமை மதியம் எலியேசருக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு என்று சபையார் முடிவு செய்தார்கள். பாக்கியவதிக்குப் புதுத் தலைவலி. வீட்டில் இருப்பது ஒரே கோழி. அது மிஷன் கோழி. அதை அடிக்கலாமா?

"முட்ட அவியளுக்கு உள்ளதுதானே?" என்றாள் மைதீன் பாத்திமா. "அப்பம் கோழியும் அவியளுக்கு உள்ளதுதான். சொத்து உரியவருக்குத்தான் போவுது. அடி."

"இனிமே ஞாயித்துக்கெழம முட்டைக்கு எங்க போவ?"

"அதான் புருசனையே குடுத்திட்டியே, முட்டையுமா கேப்பாவ?"

கோழி குழம்பானது. மிளகும் தேங்காயும் அம்மியில் அரைத்துவிட்ட மணம் தெருவுக்கே போனது. எலியேசர் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆள் ஒல்லி என்பதை நம்ப முடியாத அளவுக்குச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது அப்பாத்துரை தொண்டையைச் செருமினார். பெட்டியைப் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். சொல்லிவிட்டார்.

"ஐயா, நான் அன்னைக்கித் தூங்கிட்டேன்."

எலியேசர் எலும்பைக் கீழே வைக்கவில்லை. "எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா?"

"ஜெபிக்கித ஆளு அப்பப்பம் நெளிவான், கொசு அடிப்பான், வாச்சியப் பாப்பான். அசையாம இருந்தா தூக்கம். மேல நின்னு பாத்தா எல்லாம் தெரியும்."

"பொறவு ஏன் அல்லேலூயா சொன்னீய?"

எலியேசர் இப்போது எலும்பை வைத்தார். "மூணு தடவ கேட்டேன். எல்லாரும் தரையப் பாத்தாவ. இதுக்கு முந்திப் போன ஊருலயும் அப்பிடித்தான். அரிசி தாராவ, முட்ட தாராவ, கண்ணீர் விடுதாவ. எந்திரிக்க மாட்டேங்காவ. நீங்க எந்திரிச்சதும் வாயி தன்னால சொல்லிட்டு. தூக்கத்துலதான் நிக்காருன்னு தெரிஞ்சும் எனக்குச் சந்தோசமா இருந்திச்சி அண்ணாச்சி. அது எந் தப்பு. ஞாயித்துக்கெழம நானே சொல்லிருதேன், அண்ணாச்சி வீட்டுல இருக்க வேண்டியிருக்கு, வரமுடியாதுன்னு. தூக்கத்தப் பத்தி மூச்சு விடமாட்டேன்."

அப்பாத்துரையின் முகத்தில் நிம்மதி வரவில்லை. பக்கத்தில் கிடந்த அந்த மடக்கு நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்றாள் பாக்கியவதி. "முழிச்சிருந்தவன் ஒருத்தனும் எந்திரிக்கலையா?"

"இல்லம்மா."

"வேதமாணிக்கம் அண்ணாச்சி மவனுவ ரெண்டு பேரும் மொத வரிசையிலதான இருந்தானுவ? தடிமாடு கணக்கா?"

"ஆருன்னு எனக்குத் தெரியாது. யாருமே எந்திரிக்கல."

பாக்கியவதி உள்ளே போய் மிச்சமிருந்த ஒரே கோழிக்காலையும் கொண்டுவந்து அவர் இலையில் வைத்தாள். "ஞாயித்துக்கெழம நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பின்னால் அசனத்துக்குக் வெட்டிய கிடாக்கறி பெரிய வார்ப்பு அண்டாக்களில் கொதித்துக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் என்பதால் ஒருவரும் வீட்டில் உலை வைக்கவில்லை. ஆட்டுக்கறி மணம் ஜன்னல் வழியாக வந்து, பிரசங்கத்தைக் கேட்கவிடாமல் அடித்தது. வெயிலில் மழைக்கு முந்தின புழுக்கம். முன்னால் நாற்காலியில் அப்பாத்துரை, பட்டாளத்துச் சுவெட்டரோடு. நெற்றியில் இருந்து வடிந்து தாடையில் சொட்டியது. காலடியில் தகரப் பெட்டி.

அவரை அனுப்பி வைக்கிற ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடப் போனபோது பெண்கள் பக்கத்தில் பாக்கியவதி எழுந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். பாட்டு எடுத்துக் கொடுக்கிற குரல், மைக் தேவையில்லை. "எங்க வீட்டுக்காரரு போறாவ. நான் குறுக்க விழல. சபை அனுப்புதுன்னா சபைதான வீட்டையும் பாக்கணும்? அதப் பங்கு வச்சிட்டா நான் நிம்மதியா அனுப்பிருவேன்."

"ஆமா, ஆமா" என்றார் வேதமாணிக்கம், பெருந்தன்மையாக.

"ஞானசிகாமணி அண்ணாச்சிக்கு விடியுமுன்ன எந்திரிச்சிப் பழக்கம். எம் மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாணி அள்ளி, கன்னு போடும்போது கூட இருக்கட்டும்."

ஞானசிகாமணி மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

"வாலிபர் சங்கத்துப் பிள்ளைக மழைக்கு முந்தி என் வீட்டு ஓட்டப் பிரிச்சி மாத்தித் தரட்டும். எம் மவளுக்கு ஐப்பசியில பேறுகாலம். வேதமாணிக்கம் அண்ணாச்சி வீட்டு அம்பாசிடர் காரு ராத்திரி எங்க வாசல்லயே நிக்கட்டும், டிரைவரோட. அப்பொறம் லாரி. எங்காளு போயிட்டா தாரு சொமக்க ஆளு வேணும்லா? அண்ணாச்சியோட மவனுவ ரெண்டு பேரும் பைக்குல சாஞ்சிக்கிட்டுச் சும்மாதான நிக்கானுவ. ரெண்டு பேரும் சேந்து தூக்கினா ஒரு அப்பாத்துரைக்கு ஆகும்."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மகன்கள் இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். வேதமாணிக்கத்தின் மனைவி மகன்களைப் பார்த்தாள்.

வேதமாணிக்கம் எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ஆண்டவர் எனக்கு ஒரு காரியத்த உணர்த்துதாரு" என்றார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் பாக்கியவதி.

"இந்தச் சீசன் முடியட்டும்ங்காரு."

"எனக்கும் அப்பிடித்தான் கேட்டிச்சி" என்றார் ஞானசிகாமணி அவசரமாக. "பேறுகாலம் உள்ள வீடு. அனுப்பக் கூடாது."

எலியேசர் நாக்கைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு முகம் மாறிக் கேட்டார்: "சரி, அண்ணாச்சி வேண்டாம். அவியளுக்குப் பதிலா வேற ஆராவது?"

ஆட்டுக்கறி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்பாத்துரை நாற்காலியில் இருந்து எழுந்தார். சுவெட்டரைத் தலைவழியாகக் கழற்றினார். உள்ளே பனியன் ஊறிப் போயிருந்தது. சுவெட்டரை மடித்து எலியேசரின் கையில் கொடுத்தார். "அங்கன மார்கழியில குளுருமாமே, ஐயா. நீங்க போட்டுக்கிடுங்க. ஈரமா இருக்கு, காயவச்சிருங்க." சொல்லிவிட்டுத் தன் தூணுக்கு நடந்தார், ஒரு பக்கம் சாய்ந்த அந்தப் பழைய நடையில். வழியில் வேதமாணிக்கம் தலையைத் திருப்பாமல் கிசுகிசுத்தார்: "ஏலே அப்பாத்துரை, அசனத்துக்கு எல வெட்டிப் போட்டாச்சாலே?"

"நேத்தே போட்டாச்சு, மொதலாளி."

தூணில் முதுகைச் சாய்த்தார். முதுகுக்கும் கருப்புக்கும் அளவு சரியாக இருந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை.

எலியேசர் ஆராதனையை முடித்தார். கையைத் தூக்கினார். "ஆசீர்வாதத்துக்கு எழுந்து நிற்போம்" என்றார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மொத்தக் கிருபாபுரமும் ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதலில் எழுந்தவன் எங்கே போக வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வேதமாணிக்கம் பக்கத்து ஆளைப் பார்த்தார். பக்கத்து ஆள் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சுவரில் பல்லியைப் பார்த்தார். தூக்கிய கையோடு எலியேசர் நின்றுகொண்டே இருந்தார்.

அப்பாத்துரை தரையில் கையூன்றி எழுந்தார். முட்டி சொடுக்கிட்டது அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. கையைக் கூப்பினார், தலையைக் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். இன்னொன்றைத் திறந்தே வைத்துக்கொண்டார்.

திறந்த கண்ணுக்குப் பெண்கள் பக்கம் தெரிந்தது. அங்கேயும் ஒருத்தி எழுந்து கைகூப்பி நின்றாள். அவளும் ஒற்றைக் கண்ணைத் திறந்து இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.